டாமைத் துரத்திய கால்கள்

அண்ணன் மகள் கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். ஏழு வயது. என் லேப்டாப்பில் பழைய டாம் அண்ட் ஜெர்ரி வரிசையாக ஓடிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரையில் அந்தக் கால்கள் வந்தன. தடித்த கால்கள், கணுக்காலில் சுருண்டு கிடக்கும் காலுறை, மேலே ஏப்ரன், கையில் துடைப்பம். "தாமஸ்!" என்று ஒரு கத்தல், பூனைக்கு நாலு சாத்து. வழக்கம்போல நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தை, இவங்க மூஞ்சிய ஏன் காட்டவே மாட்டேங்கறாங்க?"

முப்பது வருடமாகப் பார்க்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நான் இதையெல்லாம் பார்த்தது தொண்ணூறுகளில், எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிதில். கார்ட்டூன் நெட்வொர்க் 1995-இல் வந்தது. அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், பகல் முழுக்கப் பூனையும் எலியும் ஓடும், இரவானதும் அதே சேனல் டிஎன்டி என்று பெயர் மாறிப் பழைய ஹாலிவுட் படங்கள் போடும். நாங்கள் எழுந்து படுக்கப் போவோம், அப்பா வந்து உட்காருவார். 'கான் வித் த விண்ட்' படத்தை நான் முதலில் பார்த்தது அப்படித்தான், தூக்கக் கலக்கத்தில், பாதிப் படம். டர்னர் என்ற தொலைக்காட்சி முதலாளி 1986-இல் எம்ஜிஎம் கம்பெனியின் பழைய படக் கிடங்கை மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தார். பகலில் பார்த்த பூனையும் இரவில் பார்த்த படமும் அந்த ஒரே கிடங்கிலிருந்து வந்தவை. பகலில் ஒரு கறுப்பினப் பெண் கால்கள் மட்டுமாக வந்தார். இரவில் இன்னொரு கறுப்பினப் பெண் முழு உருவமாக வந்து வெள்ளைக்காரச் சின்ன எசமானிக்குக் கார்செட் இறுக்கிக் கட்டினார். இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே ஆள் என்பது எனக்கு உறைக்க இருபது வருடம் ஆனது.

தேதியைப் பாருங்கள். டாமும் ஜெர்ரியும் அறிமுகமான முதல் கார்ட்டூன் 1940 பிப்ரவரி 10 அன்று வெளியானது. பூனைக்கு அப்போது ஜாஸ்பர் என்று பெயர். அதில் அந்த அம்மாள் பூனையை மிரட்டுகிறார்: இன்னொரு பொருளை உடைத்தால் வெளியே போக வேண்டியதுதான் என்று சொல்லி, 'அவுட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லைத் தப்புத் தப்பாக எழுத்துக்கூட்டுகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதுதான் அங்கே நகைச்சுவை. அதே பிப்ரவரி 29 அன்று லாஸ் ஏஞ்சலஸின் அம்பாசடர் ஹோட்டலில் ஹேட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கினார். 'கான் வித் த விண்ட்' படத்தில் மேமி வேடத்துக்கு, சிறந்த துணை நடிகை விருது. ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அந்த இரவு அவரைப் படக்குழுவின் மேசையில் உட்கார விடவில்லை. சுவரோரமாகத் தனியே ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள்.

இந்த 'மேமி' என்ற சொல்லை என்ன செய்வது என்று தெரியவில்லை. தமிழில் மம்மி என்று எழுதினால் கான்வென்ட் பிள்ளைகளின் அம்மா, இல்லாவிட்டால் எகிப்துப் பிணம். மாமி என்று எழுதினால் கதையே வேறு. அமெரிக்காவில் அது, வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண்ணுக்கு வெள்ளையர் வைத்த பெயர். பெயர் என்று கூடச் சொல்ல முடியாது, அது ஒரு வேடம். குண்டாக இருப்பாள், தலையில் துணி கட்டியிருப்பாள், வயதானவள், ஆண் துணை இல்லாதவள், தன் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், எசமானர் குடும்பத்துக்கு உயிரையும் கொடுப்பவள். கார்ட்டூன்காரர்கள் டாமைத் துரத்தும் பெண்ணுக்கு மேமி டூ ஷூஸ் என்றே பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு செருப்பு, அவ்வளவுதான் ஆள்.

அடிமைக் காலத்தில் இப்படி ஓர் ஆள் பெரும்பாலும் இருந்திருக்கவே முடியாது என்று கறுப்பின வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். டெபோரா கிரே வைட்டின் 1985 புத்தகம் இதில் முக்கியமானது. யோசித்தால் நமக்கே புரியும். அளந்து கொடுத்த சோற்றில் யார் கொழுத்திருக்க முடியும்? வயலில் வேலை செய்யத் தெம்பு வராத சின்னப் பெண்களைத்தான் பல இடங்களில் வீட்டுக்குள் பிள்ளை தூக்க விட்டார்கள். அந்த வீட்டு ஆணின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பெண்கள் அவர்கள். அங்கே நடந்ததை மறைக்க வேண்டுமென்றால், அடுக்களையில் இருந்தவள் ஆசைப்பட முடியாத, ஆசை வராத ஒரு கிழவி என்று சொல்லிவிடுவதுதான் சௌகரியம். மேமி வேடத்தின் கொழுப்பும் நரையும் தலைத்துணியும் அப்படி வந்தவை.

அடிமை முறையைக் காக்க நின்ற தெற்கு மாநிலங்கள் வடக்கோடு மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகுதான் அவள் மேல் பாசம் பொங்கியது. 1889-இல் பான்கேக் மாவு விற்கக் கிளம்பிய ஒருவர் மின்ஸ்ட்ரல் மேடையில் ஆன்ட் ஜெமைமா என்ற பாட்டைக் கேட்டு அந்தப் பெயரையே மாவுப் பொட்டலத்துக்கு வைத்தார். மின்ஸ்ட்ரல் என்றால் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய கூத்து. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு பான்கேக் சுட்டுக் காட்ட நான்சி கிரீன் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர், அப்போது வயது ஐம்பத்தொன்பது. கூட்டம் அள்ளியது. சந்தோஷமாக அடிமையாக இருந்த காலத்தைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டே தோசை திருப்பினார் (பான்கேக்தான், என் கைக்குத் தோசை என்றே வருகிறது).

1923 பிப்ரவரியில் அமெரிக்க செனட் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தெற்கத்திய மேமிகளின் விசுவாசத்தைப் போற்றித் தலைநகர் வாஷிங்டனில் ஒரு சிலை வைக்க இடம் ஒதுக்கும் மசோதா. கேட்டவர்கள் தெற்கத்திய போர்வீரர்களின் மகள்கள் என்று சங்கம் வைத்திருந்த வெள்ளைப் பெண்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்புதான், 1922 டிசம்பரில், கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடி அடித்துக் கொல்வதைத் தடுக்கும் டயர் மசோதாவை அதே செனட்டில் தெற்கத்திய உறுப்பினர்கள் பேசிப் பேசியே சாகடித்திருந்தார்கள். கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் கொதித்துப்போய் எழுதின, மனுப் போட்டன. மசோதா கீழவையில் நிறைவேறாமல் செத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நான்சி கிரீன் சிகாகோ தெருவில் கார் மோதி இறந்தார். அவரைப் புதைத்த இடத்தில் ஒரு கல்கூட வைக்கவில்லை. 2020-இல்தான் கல் நட்டார்கள். மாவுக் கம்பெனி அந்தப் பெயரையும் படத்தையும் விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

சரி, ஹேட்டி மெக்டேனியலுக்கு வருகிறேன். என்னால் சீக்கிரம் கடந்து போக முடியாத ஆள் அவர்.

அப்பா அடிமையாகப் பிறந்து உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் நின்று சண்டை போட்டவர். அம்மாவும் அக்காமாரும் வீட்டு வேலை பார்த்தவர்கள். ஹேட்டி இளம் வயதில் டென்வரில் அக்காவோடு சேர்ந்து பெண்கள் மட்டுமே ஆடும் ஒரு மின்ஸ்ட்ரல் குழு நடத்தினார். அதில் மேமி வேடத்தையே கிண்டல் பண்ணி ஆடியிருக்கிறார். அதாவது, பின்னால் உலகமே அவரைப் பார்த்து 'இவள்தான் அசல் மேமி' என்று மயங்கப்போகிற அந்த வேடத்தை அவர் கறுப்பினப் பார்வையாளர்கள் முன் உரித்துத் தொங்கவிட்டவர். 1920-களில் ப்ளூஸ் என்ற கறுப்பின இசையைப் பாடி இசைத்தட்டு போட்டார், பாட்டும் எழுதினார். பிழைப்பு இல்லாதபோது மில்வாக்கியில் ஒரு கிளப்பின் கழிவறையில் பணியாளராக நின்றார். ஹாலிவுட் வந்தார். கிடைத்ததெல்லாம் வேலைக்காரி வேடம். வேலைக்காரியாக நடித்தால் வாரத்துக்கு 700 டாலர், வேலைக்காரியாகவே இருந்தால் 7 டாலர் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். இந்த வரியைப் பலரும் சாமர்த்தியமான பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பதிலாகப் படவில்லை. நாட்டில் கறுப்பினப் பெண்ணுக்கு எத்தனை வேலை இருந்தது என்ற கணக்கு அது, ஒன்றுதான் இருந்தது, சம்பளம்தான் வேறு.

'கான் வித் த விண்ட்' 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது அவரை அழைக்க முடியவில்லை, ஜார்ஜியாவின் இன ஒதுக்கல் சட்டம். அதையொட்டி நடந்த விருந்தில் ஒரு தேவாலயப் பாடற்குழுவைத் தோட்டத்து அடிமைகள் மாதிரி உடுத்திப் பாட வைத்தார்கள். அதில் நின்ற பத்து வயதுப் பையன் மார்ட்டின் லூதர் கிங்.

இன்னொரு பையனும் இருக்கிறான். மிச்சிகனில் ஒரு தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது தான் ஒருவன்தான் கறுப்பன் என்றும், அதில் அடிமைப் பெண்ணாக நடித்த பட்டர்ஃப்ளை மெக்குவீன் திரையில் வந்து கூச்சலிட்டதும் கம்பளத்துக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது என்றும் பின்னாளில் கறுப்பின உரிமைப் போராளியான மால்கம் எக்ஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். எவ்வளவு நேர்மையான வரி. முதலில் படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. அவமானம் திரையில் தெரிந்த பெண்ணைப் பார்த்து வருகிறது. அந்தப் பெண் அந்த வேடத்தைப் பற்றி என்ன நினைத்தாள்? மெக்குவீன் அந்தப் படப்பிடிப்பில் தர்ப்பூசணி தின்னும் காட்சியில் நடிக்க மறுத்தவர். சில வருடங்களில் இந்த மாதிரி வேடமே வேண்டாம் என்று சினிமாவை விட்டு விலகி, கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார், வீட்டு வேலை உட்பட. 1975-இல், அறுபத்து நான்கு வயதில், நியூயார்க் சிட்டி காலேஜில் அரசியல் அறிவியல் பட்டம் வாங்கினார். தியேட்டரில் கூனிக் குறுகிய பையனின் கதை உலகத்துக்குத் தெரியும். திரையிலிருந்த பெண்ணின் கதையை நான் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் வேலைக்காரி வேடங்களில் நடித்ததற்காக ஹேட்டி மேல் விழுந்த கோபமும் இப்படித்தான். என்ஏஏசிபி என்ற கறுப்பின உரிமை அமைப்பின் நிர்வாகச் செயலாளர் வால்டர் வைட் 1942-இல் ஹாலிவுட் முதலாளிகளோடு பேசி, கறுப்பினத்தவருக்குக் கண்ணியமான வேடம் கொடுங்கள் என்றார். நியாயமான கோரிக்கை. ஆனால் வேலைக்காரி வேடங்களே வரக் கூடாது என்ற பேச்சு வந்தபோது அது போய் விழுந்தது அந்த வேடங்களை நம்பி வாழ்ந்த நடுத்தர வயது நடிகைகளின் தலையில், அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. புதுக் கண்ணியத்தின் முகமாகக் கொண்டுவரப்பட்ட இளம் பாடகி லீனா ஹார்ன் பின்னாளில் நினைவுகூர்கிறார், தன்னை வீட்டுக்குக் கூப்பிட்டு அன்பாகப் பேசியவர் ஹேட்டிதான் என்று.

அந்த வீட்டுக்கும் ஒரு கதை. லாஸ் ஏஞ்சலஸில் சுகர் ஹில் என்ற பகுதியில் ஹேட்டி பெரிய வீடு வாங்கிக் குடியேறினார், இன்னும் பல கறுப்பினக் குடும்பங்களும் வாங்கினார்கள். கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது, வெளியேற்றுங்கள் என்று அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் வழக்குப் போட்டார்கள். ஹேட்டி அண்டை வீட்டாரைத் தன் வீட்டில் கூட்டி வழக்கை நடத்தினார். வக்கீல் லோரன் மில்லர். 1945 டிசம்பரில் நீதிபதி அந்தத் தெருவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தத்தைச் சொல்லி வழக்கைத் தள்ளினார். இதே விஷயத்தை நாடு முழுக்க உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது 1948-இல்தான். திரையில் எசமானி வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட பெண் வெளியே தன் வீட்டுக் கதவுக்காகக் கோர்ட்டில் நின்று ஜெயித்திருக்கிறார். இது எந்தச் சினிமாவிலும் வரவில்லை. பின்னாளில் அந்தப் பகுதியைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய நெடுஞ்சாலை போட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

இந்த இடத்தில்தான் கறுப்பினப் பெண்ணியம் எனக்குக் கண் திறந்தது. பிம்பம் கேவலமாக இருக்கிறது, மாற்று என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அந்தப் பிம்பத்துக்குப் பின்னால் உண்மையாகவே துடைப்பம் பிடித்த பெண்ணுக்கு என்ன கூலி என்று கேட்டவர்கள் கறுப்பினப் பெண்ணியர்கள்தான். 1940-இல் வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வீட்டு வேலைக்காரர்கள். 1935-இல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது முதியோர் ஓய்வூதியம், வீட்டு வேலைக்காரர்களையும் விவசாயக் கூலிகளையும் விட்டுவிட்டது. வீட்டு வேலைக்காரர்கள் அதற்குள் வரவே 1950 ஆயிற்று. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களைத் தொட்டது 1974-இல். 1935 நவம்பரில் எல்லா பேக்கர், மார்வெல் குக் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருமுனைகளில் போய் நின்று எழுதிய ஒரு கட்டுரை உண்டு. பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த கறுப்பினப் பெண்கள் காலையில் அங்கே வரிசையாகக் காத்திருப்பார்கள், வெள்ளைக் குடும்பத்தலைவிகள் வந்து பேரம் பேசி மணிக் கணக்கில் கூட்டிப்போவார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே அடிமைச் சந்தை என்று போட்டுவிட்டார்கள். டாம் அடி வாங்குவதற்கு ஐந்து வருடம் முன்பு.

1949-இல் கிளாடியா ஜோன்ஸ் எழுதிய கட்டுரையில் இது இன்னும் நேராக வருகிறது. டிரினிடாடில் பிறந்து சிறுமியாக நியூயார்க் வந்தவர், கம்யூனிஸ்ட். சினிமாவிலும் வானொலியிலும் பத்திரிகையிலும் கறுப்பினப் பெண்ணைக் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிறவளாக, தாயாக, காப்பவளாகக் காட்டுவதில்லை, தன் பிள்ளைகளை விட்டு அடுத்தவர் பிள்ளைகளுக்கு உருகும் மேமியாகத்தான் காட்டுகிறார்கள் என்று எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. தன்னோடு மேடையில் நிற்கும் வெள்ளைத் தோழர்களைப் பார்த்து, உங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்ணை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டார். முற்போக்குப் பேசும் வீடுகளில் இது பிடிக்காது, எந்த ஊரிலும். அமெரிக்க அரசு அவரைச் சிறையில் போட்டு, 1955-இல் நாடு கடத்தியது. லண்டன் போனார், பத்திரிகை தொடங்கினார், நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பினத்தவர் மேல் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு 1959-இல் ஒரு மண்டபத்துக்குள் கரீபியத் திருவிழா நடத்தினார். இன்று லண்டன் தெருக்களை நிறைக்கும் நாட்டிங் ஹில் திருவிழாவுக்கு அதுவும் ஒரு வேர். ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸுக்கு இடது பக்கத்தில் படுத்திருக்கிறார்.

அடுத்தவர் பிள்ளைக்கு உருகும் மேமி என்று கிளாடியா சொன்னதை, ஏறத்தாழ இருபது வருடம் கழித்து வந்த ஒரு நாவலில் சமையலறைக் காட்சியாகப் படித்தேன். கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் முதல் நாவல், 1970. போலீன் வெள்ளையர் வீட்டில் வேலை செய்கிறாள், மகள் பெக்கோலா அங்கே வரும்போது சூடான பழப் பலகாரம் கைதவறி விழுந்து சிதறுகிறது. மகளின் காலில் சூடு பட்டிருக்கிறது. அம்மா மகளை அடித்து விரட்டிவிட்டு, பயந்து அழும் வெள்ளைக் குழந்தையைத் தேற்றுகிறாள். அந்தக் குழந்தை அவளைப் போலி என்று செல்லமாகக் கூப்பிடும். பெற்ற மகள் கூப்பிடுவது மிஸஸ் பிரீட்லவ் என்று. வெளியிலிருந்து பார்க்கிற எசமானிக்கு அவள் பொன்னான மேமி. மாரிசன் கேமராவை அந்தப் பக்கம் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

கறுப்பினச் சமூகவியலாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ் 1990-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கெல்லாம் ஒரு பெயர் கொடுத்தார், கட்டுப்படுத்தும் பிம்பங்கள். மேமி ஒன்று. எசமானர் வீட்டில் நல்லவள். அவளே தன் வீட்டுக்குப் போனதும் ஆதிக்கக்காரத் தாய் ஆகிவிடுவாள், நாள் முழுக்க வெளியே வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் கெடுத்தவள், புருஷனை விரட்டியவள். 1965-இல் மொய்னிஹான் அறிக்கை என்ற அரசு அறிக்கை கறுப்பினக் குடும்பங்களின் சிக்கலுக்குத் தாய்களின் கை ஓங்கியிருப்பதையும் ஒரு காரணமாக்கியது. வேலைக்குப் போகாமல் அரசு உதவி வாங்கினால் சோம்பேறி. அழகாக உடுத்தினால் ஆள் மயக்கி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு அச்சு தயாராக இருக்கிறது. வேலைக்குப் போனாலும் குற்றம் போகாவிட்டாலும் குற்றம் என்றால் பிரச்சினை வேலையில் இல்லை என்று நம் பாட்டிகளுக்கே தெரியும்.

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது 'நம்ம ஊர் சினிமாவுல இல்லாததா' என்று உடனே ஆரம்பித்தார். இருக்கிறது, நிறையவே இருக்கிறது, அதை எழுதவும் வேண்டும். ஆனால் ஒருவர் துயரத்தைச் சொல்ல ஆரம்பித்தவுடன் நம் துயரத்தை எடுத்துப் பக்கத்தில் வைக்கிற பழக்கம் கொஞ்சம் குறையலாம். அது வேறு கட்டுரை.

கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கென்டக்கிக்காரர், இயற்பெயர் குளோரியா வாட்கின்ஸ். கொள்ளுப்பாட்டி பெயரை எழுத வைத்துக்கொண்டு, ஆள் முக்கியமில்லை எழுத்துதான் முக்கியம் என்று அதை ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகளிலேயே எழுதினார். தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது சின்ன எழுத்தும் கிடையாது, அவருடைய அந்தப் பிடிவாதத்தைக் காட்ட நமக்கு வழியில்லை. 1992-இல் வெளியான ஒரு கட்டுரையில், கறுப்பினப் பெண்கள் தங்களைக் கேவலப்படுத்தும் திரையை எப்படிப் பார்த்தார்கள் என்று விசாரிக்கிறார். சிலர் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சிலர் தங்களை மறந்துவிட்டுப் பார்த்தார்கள். 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற பிரபலமான தொடரில் சஃபையர் என்று ஒரு மனைவி, எந்நேரமும் புருஷனைத் திட்டிக்கொண்டே இருப்பவள். சின்னப் பெண்களாக இருந்தபோது ஹூக்ஸும் தோழிகளும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், வெறுத்தார்கள். பெரிய பெண்கள் சிரிக்கவில்லையாம். அவர்கள் சஃபையர் பக்கம் நின்றார்கள். அவள் ஏன் திட்டுகிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவளைக் கேலிப் பொருளாக்கியதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரே பெட்டி, ஒரே தொடர், ஒரே கூடம், இரண்டு பார்வை. இதை எதிர்ப் பார்வை என்கிறார் ஹூக்ஸ்.

அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஒப்புதல் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் ஒரு மேடையில் பாடகி பியான்சேயைப் பற்றிப் பேசும்போது, சின்னப் பெண்கள் மேல் அவர் பிம்பம் ஏற்படுத்தும் தாக்கத்தைப் பயங்கரவாதம் என்கிற அளவுக்குப் போனார். பல கறுப்பினப் பெண்ணியர்களே கோபப்பட்டார்கள், எனக்கும் அது அதிகப்படியாகவே பட்டது. பழைய மேமிக்கு உடம்பே இல்லை என்று ஆக்கினார்கள், இப்போது உடம்பைக் கொண்டாடுகிறவளையும் சந்தேகப்பட்டால் அவள் எங்கே போவாள்? இந்தச் சண்டை அவர்களுக்குள் இன்னும் நடக்கிறது, நடக்கட்டும், ஒரே குரலில் பேசுகிற இயக்கம் எனக்குக் கொஞ்சம் பயம்.

கால்களுக்குத் திரும்புகிறேன். டாமைத் துரத்தும் அந்த அம்மாளின் குரல் லில்லியன் ராண்டால்ஃப் என்ற நடிகையுடையது. கார்ட்டூனில் எங்கும் அவர் பெயர் வராது. வானொலியில் 'பியூலா' என்ற தொடர் வந்தது, அதிலும் வேலைக்காரிதான் நாயகி. முதலில் அந்தக் கறுப்பினப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தது ஒரு வெள்ளைக்கார ஆண். 1947-இல்தான் அந்த இடத்துக்கு ஹேட்டி மெக்டேனியல் வந்தார். அவர் நோயில் விழுந்தபோது அந்த வேடத்தை எடுத்துக்கொண்டவர் லில்லியன். ஹேட்டி 1952 அக்டோபரில் இறந்தார். ஹாலிவுட் கல்லறையில் புதைக்கச் சொல்லியிருந்தார், அங்கே கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்றார்கள். டாம் அண்ட் ஜெர்ரியில் அந்தக் கால்கள் கடைசியாக வந்ததும் 1952-இல்தான். தன் ஆஸ்கரை ஹேட்டி ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். அது எங்கோ தொலைந்து, 2023-இல் ஆஸ்கர் வழங்கும் அகாடமி புதிதாக ஒன்று செய்து கொடுத்தது.

1960-களில் தொலைக்காட்சிக்காக அந்தக் கார்ட்டூன்களைத் திருத்தினார்கள். திருத்திய விதத்தைக் கேளுங்கள். கால்களுக்கு வெள்ளை நிறம் அடித்தார்கள். லில்லியனின் குரலை எடுத்துவிட்டு, அயர்லாந்துப் பேச்சுவழக்கில் வேறொருவரைப் பேச வைத்தார்கள். இனவெறியைத் துடைத்ததாக அவர்கள் கணக்கு. துடைத்ததில் போனது பெயரில்லாமல் உழைத்த ஒரு கறுப்பின நடிகையின் குரல். பின்னாளில் இந்தக் கார்ட்டூன்கள் டிவிடி தொகுப்பாக வந்தபோது முன்னுரை பேச வந்தவர் நடிகை வூப்பி கோல்ட்பெர்க். ஹேட்டிக்கு ஐம்பத்தொரு வருடம் கழித்து ஆஸ்கர் வாங்கிய அடுத்த கறுப்பினப் பெண். இதை வெட்டக் கூடாது, இருந்தது இருந்ததாகவே இருக்கட்டும் என்றுதான் அவர் பேசினார். நானும் அந்தக் கட்சிதான். 2011-இல் வந்த 'த ஹெல்ப்' படம் வேலைக்காரிகளைக் கண்ணியமாகக் காட்டிவிட்டதாகப் பெயர் வாங்கியது, ஆஸ்கரும் வாங்கியது. கறுப்பினப் பெண் வரலாற்றாசிரியர்களின் சங்கம் அப்போதே எதிர்த்து அறிக்கை விட்டது. ஏழு வருடம் கழித்து அதில் நடித்த வயோலா டேவிஸ், அந்த வேலைக்காரிகளின் குரல் படத்தில் கேட்கவில்லை என்று தனக்கு வருத்தம் இருப்பதாகச் சொன்னார். முகம் முழுக்கத் தெரிந்த படம்தான் அது.

இதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "அவங்கள வரைஞ்சவங்களுக்கு மூஞ்சி வேணும்னு தோணல" என்றேன். அவளுக்கு அது போதவில்லை. அதனால் 1950-இல் வந்த ஒன்றைத் தேடிப் போட்டேன். சனிக்கிழமை இரவு. அந்த அம்மாள் கண்ணாடி முன் நிற்கிறார், நகை போடுகிறார், நல்ல உடை, நல்ல செருப்பு, தோழிகளோடு சீட்டாடக் கிளம்புகிறார். அவர் போனதும் டாம் கூட்டாளிகளைக் கூப்பிட்டு வீட்டை அதகளம் பண்ணுகிறது. தூக்கம் கெட்ட ஜெர்ரி போன் போட்டுக் கோள் சொல்ல, அவர் விளையாட்டை விட்டுவிட்டுத் தெருவெல்லாம் புழுதி பறக்க ஓடி வருகிறார். அந்த ஓட்டத்தில் ஒரே ஒரு நொடி, கேமராவை நோக்கி வரும்போது, முகம் தெரியும்.

"நிறுத்து நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அந்தப் படத்தைப் பிடித்தோம். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கோவமா இருக்காங்க."

"ஆமா."

"ஜெயிச்சிட்டு இருந்திருப்பாங்க அத்தை. பாதி ஆட்டத்துல எழுந்து வந்துட்டாங்கல்ல?"